அம்மாவின் தட்டைத் திருத்திக் கொடுத்த டயாலிசிஸ் உணவு ஆலோசனை: எட்டு மாத அனுபவம்

அம்மாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கத் தொடங்கி ஒன்றேகால் ஆண்டு ஆகிறது. அதில் முதல் ஏழு மாதங்கள் நாங்கள் அவருக்குச் சோறு போட்ட விதம் தவறு என்பதைச் சென்ற ஏப்ரல் மாதத்தில்தான் அறிந்துகொண்டோம். அதை எங்களுக்குப் புரியவைத்தது, திருநெல்வேலியில் ஒரு டயாலிசிஸ் மையத்தை ஒட்டி இயங்கும் சிறிய உணவு ஆலோசனைப் பிரிவு. அந்தச் சேவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைக் குறிப்பிடவில்லை. தவிரவும், வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கு, இப்படியொரு இடத்துக்குப் போனால் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்ற விவரமே பெயரைவிடப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் அங்கே போன காரணம் இளநீர். சித்திரை வெயிலில் அம்மா துவண்டு கிடப்பதைப் பார்த்த உறவினர் ஒருவர், சூட்டைத் தணிக்கும் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு இளநீர் வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். திங்கள்கிழமை காலையில் டயாலிசிஸுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.4 என்று வந்தது. உடனே ஈசிஜி எடுத்தார்கள். வழக்கமான நேரத்துக்குக் காத்திராமல் அவரை இயந்திரத்தில் சேர்த்தார்கள். ஓர் இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கக்கூடும் என்பதும், சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்பால் கொடுத்தவரைக் குறைசொல்ல முடியவில்லை. அன்று பணியில் இருந்த மருத்துவர்தான், வீட்டில் சமைப்பவர்கள் யாரோ அவர்களையும் அழைத்துக்கொண்டு உணவியல் நிபுணரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் சந்திப்பு ஒன்றரை மணி நேரம் நீடித்தது. கட்டணம் 1,000 ரூபாய். அதன் பிறகு மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அரை மணி நேரச் சந்திப்பு, அதற்கு 400 ரூபாய். அம்மாவின் டயாலிசிஸ் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது; இந்த ஆலோசனைக்கு மட்டும் நாங்கள் கையிலிருந்துதான் கொடுக்கிறோம். அம்மாவையும், வீட்டில் சமைக்கும் அண்ணியையும், என்னையும் ஒன்றாக உட்காரவைத்து, முந்தைய மூன்று நாட்களில் அம்மா என்னென்ன சாப்பிட்டார், எந்தக் கரண்டியால் எத்தனை கரண்டி, காபி எந்த டம்ளரில் என்று அந்த நிபுணர் கேட்டுக் குறித்துக்கொண்டார். முதல் அரை மணி நேரம் அவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. அதற்கு முன் நாங்கள் பார்த்த இடங்களில் எல்லாம் நாங்கள் நாற்காலியில் உட்காரும்முன்பே அச்சடித்த தாள் ஒன்று கைக்கு வந்துவிடும்.

அப்படி வந்த ஒரு தாள்தான் ஏழு மாதத் தவறுக்கும் காரணம். டயாலிசிஸ் தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறத் தொடங்கிய காலத்தில், வேறொரு மருத்துவமனையில் அம்மாவுக்கு ஓர் உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். பருப்பைக் குறைக்கவும், முட்டை, மீன், கோழியை அறவே தவிர்க்கவும் அதில் எழுதியிருந்தது. சிறுநீரகத்தில் ஓரளவு செயல்திறன் மிச்சமிருக்கும் காலத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வதற்கு மருத்துவ நியாயம் உண்டு. டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கணக்கு தலைகீழாகிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இரத்தம் இயந்திரத்தின் வழியாகச் சுற்றிவரும்போது கழிவோடு சேர்ந்து புரதத்தின் அடிப்படைப் பொருட்களான அமினோ அமிலங்களும் ஒவ்வொரு முறையும் சில கிராம் வெளியேறிவிடுகின்றன. அந்த இழப்பையும் ஈடுகட்டும் அளவுக்குச் சாப்பிட வேண்டும். அமெரிக்காவின் தேசிய சிறுநீரக அறக்கட்டளை 2020இல் புதுப்பித்த வழிகாட்டுதலின்படி, உடல்நிலை சீராக உள்ள டயாலிசிஸ் நோயாளிக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை. அம்மாவின் எடை 52 கிலோ. ஆக 52 முதல் 62 கிராம் வேண்டும். அந்த மூன்று நாள் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது அவர் உண்டது 30 கிராமைக்கூடத் தொடவில்லை.

அம்மா மெலிந்துகொண்டே போனதை நாங்கள் கவனிக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. எடை பார்க்கும் இயந்திரத்தில் எண் பெரிதாகக் குறையவில்லை. தசை கரைந்த இடத்தை நீர் நிரப்பிக்கொண்டிருந்தது. அதனால் எடை மட்டும் அப்படியே தெரிந்தது. ட்ரை வெயிட் என்று சொல்லப்படும், மிகை நீரெல்லாம் எடுத்தபின் நிற்கும் எடையை மையத்தில் மறுபடி கணித்தபோதுதான் 55 கிலோ 52 ஆகியிருந்தது தெரிந்தது. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.1 ஆகக் குறைந்திருந்தது. சிறுநீரக நோயால்தான் இத்தனை சோர்வு என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு வெறும் பசி. அதைக் கேட்டபோது அண்ணி அழுதுவிட்டார். அந்த நிபுணர், "நீங்கள் தாளில் இருந்ததை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறீர்கள் அக்கா, தாளைத்தான் மாற்ற வேண்டும்" என்று சொன்னதை நான் மறக்க மாட்டேன்.

"நான் என்னத்தைத்தான் திங்க, அதைச் சொல்லு தாயி" என்று அம்மா கேட்டார். தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலை அடுத்த முறை தருகிறேன் என்று சொல்லிவிட்டு, உண்ண வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுத்தார் அவர். காலையில் மூன்று இட்லி, இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு. மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு, 100 கிராம் மீன், வேகவைத்து நீர் வடித்த ஒரு காய். மாலையில் 100 கிராம் தயிர். இரவில் இரண்டு தோசை, 30 கிராம் பருப்பில் கெட்டியான கூட்டு. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 55 கிராம் புரதம் வருகிறது. நெல்லைச் சமையலறையில் இல்லாத பொருள் ஒன்றுகூட அதில் இல்லை. முட்டையின் வெள்ளைக் கருவை அவர் வலியுறுத்தியதற்குக் காரணமும் சொன்னார்: ஒரு வெள்ளைக் கருவில் மூன்றரை கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது; பொட்டாசியத்தைப் போலவே சிறுநீரகம் வெளியேற்றாமல் தேங்கிவிடும் பாஸ்பரஸ் அதில் மிகச் சொற்பம், முட்டையிலுள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. சைவ உணவு உண்பவர்களுக்குப் பருப்பு, தயிர், பனீர், சோயா ஆகியவற்றைக் கொண்டே திட்டம் போட்டுத் தருகிறார்கள். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் ஓர் ஆசிரியருக்குத் தந்ததை நான் பார்த்தேன். பருப்பிலும் பயறிலும் உள்ள பாஸ்பரஸ் முழுவதும் உடலில் ஏறுவதில்லை என்பதால் பருப்பைக் கண்டு அவ்வளவு அஞ்ச வேண்டாம் என்று அவருக்குச் சொன்னார்கள்.

அந்த நிபுணர் பயன்படுத்தும் எண்கள் ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டவை. 528 உணவுப் பொருட்களின் சத்து விவரங்கள் அதில் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் சிறுநீரக உணவுப் பட்டியல்களில் பல, நம் சந்தையில் கண்ணால் பார்க்காத பழங்களையும் காய்களையும் பேசுகின்றன. முருங்கைக்கீரையைப் பற்றியோ புளியைப் பற்றியோ அவற்றில் ஒரு வரி இருக்காது. புளியில் பொட்டாசியம் அதிகம் என்பதையும், அன்றாடம் புளிக்குழம்பும் ரசமும் வைக்கும் வீட்டில் அது பெரிய கணக்கு என்பதையும் இங்கேதான் முதலில் கேட்டோம். தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியும் அப்படியே. சொதியை நிறுத்தச் சொல்லவில்லை. மாதம் ஒரு முறை, ஒரு சிறு கிண்ணம், மறுநாள் டயாலிசிஸ் இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

நாள் பார்த்து உண்பது என்ற இந்த யோசனை எங்களுக்கு மிகவும் உதவியது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கள்கிழமைக்கும் இடையில் டயாலிசிஸ் இல்லாத நாட்கள் இரண்டு. வாரத்தின் மிக நீண்ட இடைவெளி அதுதான். அந்த இடைவெளியின் நடுவில்தான் நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு, பாயசம், விருந்தினர் வருகை எல்லாம் வருகின்றன. எங்கள் வீட்டில் இப்போது கறி எடுப்பது வியாழக்கிழமை. பேரப்பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

இரண்டாவது சந்திப்பு எங்கள் வீட்டுச் சமையலறையிலேயே நடந்தது. அதற்குத் தனியாக 600 ரூபாய் வாங்கினார்கள். இந்த எட்டு மாதத்தில் நாங்கள் செலவழித்த பணத்தில் இதைவிடப் பலன் தந்தது வேறில்லை. காய்களை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்தால் பொட்டாசியம் போய்விடும் என்று நாங்கள் கேள்விப்பட்டு அப்படியே செய்துகொண்டிருந்தோம். வெறுமனே ஊறவைப்பதில் பயன் சொற்பம் என்று சொல்லி, தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கும் முறையை அண்ணியின் கையாலேயே செய்யவைத்தார். நறுக்கும் துண்டு சிறிதாக ஆக ஆகப் பொட்டாசியம் கூடுதலாக வெளியேறும். சத்தெல்லாம் போய்விடுமே என்று அண்ணி தயங்கினார். நீரில் கரையும் வைட்டமின்கள் ஓரளவு போவது உண்மைதான், டயாலிசிஸிலும் போகின்றன, அதற்காகத்தான் மருத்துவர் வைட்டமின் மாத்திரை எழுதியிருக்கிறார் என்று விளக்கம் கிடைத்தது.

சமையலறை அலமாரியிலிருந்து மூன்று பொருட்களை அவர் எடுத்து வெளியே வைத்தார். ஒன்று, சோடியம் குறைந்தது என்று விளம்பரம் செய்யப்படும் உப்பு. அதில் சோடியத்துக்கு ஈடாகச் சேர்க்கப்படுவது பொட்டாசியம் குளோரைடு. டயாலிசிஸ் நோயாளிக்கு அது சாதாரண உப்பைவிட ஆபத்தானது. இரண்டாவது, இந்துப்பு. சிறுநீரகத்துக்கு நல்லது என்று நம்பி, கிலோவுக்கு அதிக விலை கொடுத்து வாங்கி, கவலையின்றி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்பதால் அளவில் எந்தச் சலுகையும் கிடையாது. மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி உறவினர் வாங்கித் தந்திருந்த மூக்கிரட்டைக் கீரைப் பொடி. கீரையைக் காயவைத்துப் பொடியாக்கினால் பொட்டாசியமும் செறிந்துவிடுகிறது. வாழைத்தண்டுச் சாறும் இதே வகையில் சேரும். கல்லடைப்புக்குச் சொல்லும் வைத்தியத்தைச் சிறுநீரகம் செயலிழந்தவருக்கும் சொல்வது நம் ஊரில் சாதாரணமாகிவிட்டது. நட்சத்திரப் பழத்தை மட்டும் எந்த நாளிலும், எந்த அளவிலும் தொடக்கூடாது என்று தனியே எச்சரித்தார். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் மூளையைத் தாக்கும் நச்சுப்பொருள் அதில் இருக்கிறது.

தண்ணீர் விஷயம்தான் அம்மாவுக்கு மிகக் கடினமாக இருந்தது. ஒரு நாள் முழுவதும் கழியும் சிறுநீரை அளக்கச் சொன்னார்கள்; 300 மில்லி இருந்தது. அதனோடு 500 சேர்த்து நாளொன்றுக்கு 800 மில்லி என்று வரையறுத்தார்கள். தண்ணீர் மட்டுமின்றிக் காபி, ரசம், மோர், கஞ்சி, குழம்பின் நீர், மாத்திரை விழுங்கக் குடிக்கும் மடக்கு எல்லாமே அந்த 800க்குள் அடங்க வேண்டும். காலையில் 800 மில்லி தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி வைக்கிறோம். அம்மா 100 மில்லி காபி குடித்தால் பாட்டிலிலிருந்து 100 மில்லியைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம். பாட்டிலில் மிச்சமிருப்பதை அம்மாவே கண்ணால் பார்த்துத் திட்டமிட்டுக்கொள்கிறார்; நாங்கள் ஒவ்வொரு மடக்குக்கும் தடை சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. அதோடு, தாகத்தின் வேர் உப்பில் இருக்கிறது என்று சொல்லி அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு ஆகிய நான்கையும் நிறுத்தினார்கள். உடலில் 8 கிராம் உப்பு தங்கினால் அதைக் கரைத்துவைக்க ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் தேவைப்படும் என்று அவர் சொன்னது அம்மாவின் மனத்தில் பதிந்தது. முன்பு ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்றரை, நான்கு கிலோ ஏறும். அவ்வளவு நீரை நான்கு மணி நேரத்தில் உறிஞ்சும்போது இரத்த அழுத்தம் சரிந்து, கால் தசைகள் இறுகி, அம்மா வலியில் கத்துவார். இப்போது பெரும்பாலும் இரண்டேகால் கிலோவுக்குள் நிற்கிறது. அந்தக் கத்தல் நின்றது ஒன்றுக்காகவே இந்தச் சேவைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பாஸ்பரஸ் பற்றிச் சொன்னவற்றில் இரண்டு எங்களுக்குப் புதியவை. உணவிலுள்ள பாஸ்பரஸைப் பிடித்து வெளியேற்றுவதற்காகத் தரப்படும் மாத்திரையை அம்மா இரவில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டோடு சேர்ந்து வயிற்றில் இருந்தால்தான் அது வேலை செய்யும். நேரத்தை மாற்றிய இரண்டு மாதத்துக்குள், பாஸ்பரஸ் மிகுந்ததால் இருந்த உடம்பு அரிப்பு வெகுவாகக் குறைந்தது. மற்றொன்று, பொட்டலத்தின் பின்புறத்தைப் படிப்பது. உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான ஐஎன்எஸ் என்ற குறியீட்டில் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரை உள்ள எண்கள் பாஸ்பரஸ் அடங்கிய பாஸ்பேட் சேர்மங்களைக் குறிப்பவை. செயற்கையாகச் சேர்க்கப்படும் பாஸ்பேட் ஏறத்தாழ முழுவதும் உடலில் ஏறிவிடும். என் அண்ணன் மகன், ஆறாம் வகுப்பு படிக்கிறான், இப்போது கடையில் நின்று எண்களைத் தேடிப் படித்துச் சொல்கிறான்.

அம்மாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் ஆரஞ்சுச் சாறு கொடுக்கும் பழக்கம் எங்களிடம் இருந்தது. அதற்கு மாறாகக் குளுக்கோஸ் அல்லது வெறும் சர்க்கரை கொடுங்கள், பொட்டாசியமும் ஏறாது, நீர்க் கணக்கும் கெடாது என்றார்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று மாதந்தோறும் கேட்கிறார்கள். சிறுநீரகம் ஓய்ந்தபின் பொட்டாசியம் வெளியேறும் வழிகளில் குடலும் ஒன்று என்பதே காரணம்.

இனி குறைகள். அவர்கள் தரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. அண்ணி பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். சமைப்பவருக்கு வாசிக்க முடியாத கையேட்டை யாருக்காக அச்சடித்தார்கள் என்று நேரிலேயே கேட்டுவிட்டேன். நான் கையால் தமிழில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஆலோசனை நேரம் வாரநாட்களில் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை மட்டுமே. அந்த நேரத்தில் இயந்திரத்தில் படுத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்களுக்கு அது வசதியாக இருக்கலாம். வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அரைநாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் அதிகம் எழுவது ஞாயிற்றுக்கிழமை. அன்று தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை.

என்னை உறுத்திய இன்னொன்று புரத மாவு. மூன்றாவது சந்திப்பில், டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று தயாராகும் ஒரு மாவு டின்னை வாங்கச் சொன்னார்கள். அது அவர்களுடைய முகப்பிலேயே விற்பனைக்கு இருந்தது. சாப்பிடவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு அப்படிப்பட்ட மாவு தேவைப்படும் என்பதை நான் மறுக்கவில்லை. அம்மா ஓரளவு சாப்பிடத் தொடங்கியிருந்தார். கூடுதலாக இரண்டு முட்டையின் வெள்ளைக் கரு அதே வேலையைச் செய்யாதா என்று கேட்டபோது, செய்யும் என்று ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் கேட்காமல் இருந்திருந்தால் மாதாமாதம் அந்த டின்னை வாங்கிக்கொண்டிருப்போம். பரிந்துரைப்பவரே விற்பவராகவும் இருப்பதை அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் மாதத்தில் தந்த சமையல் குறிப்புகள் சுவையற்றவையாகவும் இருந்தன. வேகவைத்து வடித்த காய் சக்கையாக இருக்கிறது என்று அம்மா இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, மிளகு, சீரகம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு என்று தாளிப்பில் சுவையைக் கொண்டுவரும் வழியை அண்ணிதான் கண்டுபிடித்தார். பீர்க்கங்காய், சுரைக்காய், புடலங்காய், முட்டைக்கோஸ் ஆகியவை இந்த முறைக்கு நன்றாக ஒத்துவருகின்றன. அண்ணியின் குறிப்புகளை அந்த நிபுணர் எழுதி வாங்கிக்கொண்டு, இப்போது மற்றக் குடும்பங்களுக்கும் தருகிறார். கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் இங்கே சொன்னவற்றை அப்படியே பின்பற்றக் கூடாது. அவர்களுக்குப் புரத இழப்பு இன்னும் கூடுதல். பொட்டாசியக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்வாக இருக்கும். உள்ளே விடும் திரவத்திலிருந்து சர்க்கரையும் உடலில் ஏறும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே திரவப் பைகள் பெறும் ஒருவருக்கு இதே பிரிவில் முற்றிலும் வேறான திட்டம் போட்டுத் தந்ததை அறிவேன். ஒருவருடைய தாளை இன்னொருவர் நகலெடுத்துக்கொள்வதை அவர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள்.

அம்மாவின் அல்புமின் இப்போது 3.7, பொட்டாசியம் கடந்த ஐந்து மாதங்களாக 5.3ஐத் தாண்டவில்லை. மாடிப்படி ஏற முடிகிறது. அடுத்த சந்திப்பு பொங்கலுக்கு முந்தைய வாரம். பனங்கிழங்கு, சிறுகிழங்கு, கரும்பு, சர்க்கரைப் பொங்கல் என்று அம்மா ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார். எதை எவ்வளவு, எந்த நாளில் என்று கேட்டுக் குறித்து வர வேண்டும்.